பட்டியை மூடிவிட்டு ஆட்டத்தைப் பாருங்கள்

சதுரங்கப் பலகையில், ராஜாக்களோடு யானையும் சிப்பாயும் ஒரு பக்கம், யானை மட்டும் இன்னொரு பக்கம். இந்த நிலையை வைத்து, யாருக்குச் சாதகம் என்று கேட்டேன். "ஜீரோ சார்" என்றான் ஒரு மாணவன். முந்தைய நாள் நேரலையில் இதே மாதிரி நிலையைப் பார்த்திருக்கிறான். யார் கை ஓங்கியிருக்கிறது என்று இன்ஜின், அதாவது சதுரங்கக் கணினி நிரல், போடும் கணக்கைக் காட்டும் திரையோரப் பட்டி 0.00, அதாவது சமநிலை, காட்டியிருக்கிறது.

சரி, நீ யானை மட்டும் உள்ள பக்கம் உட்கார் என்றேன். அவன் யானை பின்னால் போய் ஒதுங்கியது, என் ராஜா தாராளமாக முன்னேறியது. கொஞ்ச நேரத்தில் அவன் தோற்றுவிட்டான்.

18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய தற்காப்பு இதற்கு உண்டு. தற்காப்பவரின் ராஜா சிப்பாய்க்கு நேர் முன்னால் நிற்க வேண்டும். யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையை விடக் கூடாது. எதிரி ராஜா அதைத் தாண்டி வர முடியாது. வேறு வழியில்லாமல் சிப்பாய் அந்த வரிசைக்குள் காலை வைத்தவுடன், யானை பலகையின் மறுகோடிக்கு ஓடிப் பின்னாலிருந்து செக் கொடுக்க ஆரம்பிக்கும். ஒளிய இடமில்லாத ராஜா திண்டாடும். 0.00 என்றால் இவ்வளவும் சரியாகச் செய்தால் டிரா என்று அர்த்தம். செய்யப்போவது இன்ஜின் இல்லை, நாம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம். அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரனுக்கும் நம் குகேஷுக்கும் ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு பிஷப். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். கணக்குப்படி டிரா. 55-ஆவது நகர்வில் டிங் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். யானைகள் வெட்டுப்பட்டால் ஆட்டம் எளிதாகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அவருடைய பிஷப் ஏ8 மூலையில் கிடந்தது. யானைகள் போனதும் குகேஷ் தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். மூலையிலிருந்து தப்ப வழியில்லை, பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியது இரண்டு சிப்பாய்க்கு எதிராக ஒன்று. 58-ஆவது நகர்வோடு டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அன்று பட்டி பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே நொடியில் "ஐயோ" என்றார்கள். குகேஷோ, முதலில் அந்தத் தவறு தன் கண்ணில் படவே இல்லை, வேறு நகர்வு ஆடப் போனதாகப் பின்னர் சொன்னார். பட்டி இல்லாமல் பார்த்திருந்தால் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எனக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்தான்.

பட்டியை அணைக்கும் வசதி பல தளங்களில் இருக்கிறது. இல்லாவிட்டால் ஒரு காகிதத் துண்டை ஒட்டினாலும் போதும். பெரிய ஆட்டக்காரர் வெகுநேரம் யோசிக்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். உங்கள் நகர்வையும், அதற்கு எதிராளி தரக்கூடிய பதிலையும் நோட்டில் எழுதுங்கள். அப்புறம் நடந்ததைப் பாருங்கள். இன்ஜின் கடைசியாக வரட்டும். நாள் முழுக்க ஏழெட்டுப் பலகைகளைத் தாவித் தாவிப் பார்ப்பதைவிட, ஒரு ஆட்டத்தில் இரண்டு இடங்களில் இப்படி நிற்பது மேல். ஒவ்வொரு வெட்டுக்கு முன்னும் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது: எல்லாக் காய்களும் போய்ச் சிப்பாய்கள் மட்டும் மிஞ்சினால் யார் ஜெயிப்பார்?

அந்த மாணவனின் நோட்டில் இப்போது தப்பான ஊகங்கள்தான் அதிகம். போன வாரம் அதே நிலையைத் திரும்ப வைத்தேன். யானையை மூன்றாவது வரிசையில் நிறுத்திவிட்டு, "நீங்க ஆடுங்க சார்" என்றான்.