சிசிடிவி: மூடிய சுற்றா, கண்காணிப்பா?

நகரத்தின் அடையாளமாக நிற்கும் கோபுரம், பாலம், சதுக்கம் ஆகியவற்றைப் பயங்கரவாதத் தாக்குதலிலிருந்து காப்பது பற்றிய செய்திகளில் தவறாமல் இடம்பெறும் சொல் சிசிடிவி. ‘குளோஸ்டு சர்க்யூட் டெலிவிஷன்’ என்பதன் முதலெழுத்துச் சுருக்கமான இதில், ‘குளோஸ்டு’ என்பது காட்சி பொதுவில் ஒளிபரப்பாகாமல் கம்பியால் இணைந்த சில திரைகளை மட்டுமே சென்றடைவதைக் குறித்தது. 1942-இல் ஜெர்மனியில் வி-2 ஏவுகணை கிளம்புவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்க இத்தகைய அமைப்பு பயன்பட்டது. குற்றத்தடுப்புக்கும் அதற்கும் அன்று தொடர்பே இல்லை.

சொல்லின் பொருள் திசைமாறியதில் லண்டனுக்குப் பெரும் பங்குண்டு. 1993 ஏப்ரல் 24 அன்று வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்கப் போராடிய ஆயுதக் குழுவான ஐரிஷ் குடியரசுப் படையினர், லண்டனின் பிஷப்ஸ்கேட் தெருவில் லாரி குண்டை வெடிக்கச் செய்த பின், இங்கிலாந்து வங்கி அமைந்துள்ள நிதி மையத்துக்குள் நுழையும் வழிகள் குறைக்கப்பட்டு, எஞ்சியவற்றில் சோதனைச் சாவடிகளும் கேமராக்களும் வந்தன. ‘எஃகு வளையம்’ எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பில், வாகன எண் பலகையைத் தானே படித்துக் காவல்துறைப் பட்டியலோடு ஒப்பிடும் கருவிகளும் பின்னர் சேர்ந்தன. இன்று பல கேமராக்கள் இணையத்தோடு பிணைந்துவிட்டதால், சுற்று மூடியிருப்பது பெரும்பாலும் பெயரளவில்தான்.

எனவே ‘மூடிய சுற்றுத் தொலைக்காட்சி’ என்னும் ஆக்கம் சொல்லின் உறுப்புகளை மொழிபெயர்த்துக் கருவியின் பயனைத் தவறவிடுகிறது. ‘கண்காணிப்புக் கேமரா’ என்பதே தக்க சொல். கேமராவையும் தமிழாக்க விரும்புவோர் ‘கண்காணிப்புப் படக்கருவி’ எனலாம். நெருங்கிய பொருளுடைய பிற சொற்கள் இங்கே பொருந்தா: உளவு மறைவாகச் செய்வது, நோட்டம் ஒருமுறை பார்த்து எடைபோடுவது. கண்காணிப்போ பொறுப்பேற்றுத் தொடர்ந்து பார்ப்பது. ‘கண்காணி இல்லா இடமில்லை’ எனத் திருமந்திரம் இறைவனையே அச்சொல்லால் சுட்டுகிறது. தேயிலைத் தோட்டங்களில் ஆட்களை மேற்பார்த்த கங்காணியும் அதே சொல்லின் மரூஉவே.

ஆனால் கண்காணி என்றால் பார்க்கும் ஆள் ஒருவர் வேண்டும். 2005 ஜூலை 7 அன்று லண்டனைத் தாக்கியவர்கள் ரயில் நிலையக் கேமராக்களில் பதிவாகியிருந்தார்கள். அவர்களை அடையாளம் காண அப்பதிவு உதவியதே தவிர, தாக்குதலைத் தடுக்கவில்லை. 2010 மே 1 அன்று நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் குண்டு வைத்த வாகனத்திலிருந்து புகை வருவதைக் கண்டு காவலரை உஷார்ப்படுத்தியவர்கள் நடைபாதை வியாபாரிகள். திரையை எவரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் கருவிக்குப் ‘பதிவுக் கேமரா’ என்ற பெயரே பொருந்தும்.