இழுத்தால் நேராகும்: ஜப்பானிய ரம்பமும் ஒரு ரப்பர் பலகையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தோட்டத்து லயத்தை விட்டு டவுனுக்குக் குடிவந்த பிறகு, புது வீட்டுக்குச் சாமி மேடையைத் தம் கையாலேயே செய்ய ஆசைப்பட்டாராம். மர ஆலையில் நாலடி நீள ரப்பர் மரப் பலகை ஒன்றும், இரும்புக் கடையில் இருபுறமும் பல் உள்ள ஜப்பானிய ரம்பம் ஒன்றும் வாங்கினார். குறுக்கே அறுத்தபோது வாழைத்தண்டை அறுப்பதுபோல் சுலபமாகப் போனது. நீளவாக்கில் அறுத்தபோதோ, கோட்டை விட்டு விலகிக்கொண்டே போய், மறுமுனையில் ஒரு விரற்கடை தள்ளி வந்து நின்றது. “என் கை சரியில்லையா, ரம்பம் கோணலா, இல்லை என் அத்தை சொல்வதுபோல் பால்மரத்தில் சாமி மேடை செய்யக் கூடாதா?” என்று கேட்கிறார்.

மூன்றுமே நல்ல கேள்விகள். அத்தையின் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நார்களின் கட்டு என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ரப்பர் மரத்தில் ஒரு நாரின் நீளம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அகலம் ஏறத்தாழ அதில் ஐம்பதில் ஒரு பங்கு. நார் தன் நீளத்தில் வெகு உறுதியானது. நாருக்கும் நாருக்கும் இடையிலான ஒட்டு அவ்வளவு உறுதியானதல்ல. விறகை நெட்டாக நிறுத்திக் கோடரியைப் போட்டால் ஒரே அடியில் பிளந்துவிடுகிறது. அதையே படுக்கப்போட்டு வெட்டினால் பத்து அடி தேவைப்படுகிறது.

ரம்பத்தின் பல் வடிவம் இதிலிருந்துதான் பிறக்கிறது. குறுக்கே அறுக்கும்போது, வெட்டின் இடச்சுவரிலும் வலச்சுவரிலும் நார்களைத் துண்டித்தாக வேண்டும். அதற்குக் கூரிய கத்தி முனைகள் வேண்டும். நீளவாக்கில் அறுக்கும்போது சுவர்களில் துண்டிக்க அதிகம் இல்லை. நார்கள் தாமாகவே பக்கவாட்டில் பிரிந்துகொள்ளும். பல்லுக்கு எதிரே நிற்கும் நார்களைத்தான் சிறு சிறு துணுக்குகளாகக் கொத்தி எடுக்க வேண்டும். அதற்கு உளி வேண்டும். ஆகவே நீளவாக்குப் பல் ஒவ்வொன்றும் ஒரு குட்டி உளி. ரியோபா என்னும் இந்த ஜப்பானிய ரம்பத்தின் பெயருக்கே ‘இரு விளிம்பு’ என்றுதான் பொருள்: ஒரு விளிம்பில் கத்திகள், மறு விளிம்பில் உளிகள். உளிப் பற்கள் பெரியவை. கைப்பிடிப் பக்கம் சிறிதாகத் தொடங்கி நுனியை நோக்கிப் பெரிதாகிக்கொண்டு போகும். அதனால் கைப்பிடி ஓரத்துச் சிறு பற்களால் வெட்டைத் தொடங்குவதே நல்லது.

வாசகி எந்த விளிம்பால் அறுத்தார் என்று எழுதவில்லை. தரையில் விழுந்த தூளே அதைச் சொல்லிவிடும். உளிப் பக்கம் என்றால் தூளில் சிறு சுருள்களும் நார்த்துணுக்குகளும் கலந்திருக்கும். மாவுபோல் இருந்தால் விளிம்பை மாற்ற வேண்டும்.

இனி நான் சொல்ல ஆசைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். இந்த ரம்பம் இழுக்கும்போது மட்டுமே அறுக்கிறது. தள்ளும்போது சும்மா போகிறது. நம் ஊர்த் தச்சர்கள் வழக்கமாகப் புழங்கும் கைரம்பம் தள்ளும்போது அறுப்பது. பார்வைக்கு இது வெறும் பழக்க வேறுபாடு போலத் தெரியும். ஆனால் ரம்பத்தின் உடலமைப்பு முழுவதும் இந்த ஒன்றிலிருந்தே வருகிறது.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளிப் பாருங்கள். சிறிது நேரம் எதிர்த்து நிற்கும்; பிறகு திடீரென்று ஒரு பக்கமாக வில்லாக வளைந்துவிடும். எந்தப் பக்கம் வளையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இப்போது அதே ஈர்க்கை இரு கையாலும் இழுங்கள். ஏற்கெனவே வளைந்திருந்தாலும் நேராகும். எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு நேராகும். தள்ளும் விசை சிறு கோணலையும் வளர்க்கிறது. இழுக்கும் விசை கோணலை அழிக்கிறது. ஒல்லியான தூண் எந்தச் சுமையில் இப்படி வளையும் என்பதை 1744இல் கணக்கிட்டுக் காட்டினார் கணித மேதை ஆய்லர். அந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கனம் நுழையும் இடம். தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுகிறது. கனத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும்.

தள்ளி அறுக்கும் ரம்பத்துக்கு அதனால்தான் கனம் வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒவ்வொரு தள்ளலிலும், கைப்பிடிக்கும் மரத்துக்கும் இடையில் இருக்கும் தகடு அந்த ஈர்க்கின் நிலையில்தான் இருக்கிறது. இழுத்து அறுக்கும் ரம்பத்தில் அதே பகுதி முறுக்கேறிய கம்பிபோல் விறைத்து நிற்கிறது. எனவே அரை மில்லிமீட்டர் தகடே போதும். தகடு மெலிந்தால் வெட்டின் அகலம் குறைகிறது, தூளாகப் போகும் மரம் குறைகிறது, கையின் உழைப்பும் குறைகிறது. இத்தனையும் இழுப்பு என்ற ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை. முதன்முதலில் இது புரிந்த அன்று, அந்த ரம்பத்தைப் பலகையில் வைத்து இழுத்துவிட்டு, விளிம்பில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதாக இருக்காது. என் அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கத்தி இழுப்புக் கத்தி. இருட்டோடு எழுந்து, தலைவிளக்கு வெளிச்சத்தில், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பட்டையைச் சீவிக்கொண்டே மரத்தைச் சுற்றிப் பின்னடி வைப்பார். அந்தக் குட்டைக் கத்தி வளையாது என்பது உண்மைதான். ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு, பிடி என்று மடங்கக்கூடிய மூட்டுகளின் வரிசை ஒன்று அங்கேயும் இருக்கிறது. டிராக்டர் முன்னால் போனால் செம்பனைக் குலை ஏற்றிய இழுவண்டி ஒழுங்காகப் பின்தொடர்கிறது. பின்னால் தள்ளினால் மடங்கித் திரும்பிக்கொள்கிறது. கையும் அப்படியே. இழுக்கும்போது மூட்டுகள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

அப்படியானால் வாசகியின் வெட்டு ஏன் விலகியது? ரம்பத்துக்கு வழிகாட்டுவது கோடு அன்று. அது ஏற்கெனவே அறுத்த பள்ளம்தான். தகட்டின் எவ்வளவு நீளம் அந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறதோ அவ்வளவுக்கு நேராகப் போகும். 25 மில்லிமீட்டர் கனப் பலகையில் ரம்பத்தை 60 பாகை நிமிர்த்திப் பிடித்தால் 29 மில்லிமீட்டர் பல்வரிசைதான் உள்ளே இருக்கும். 30 பாகைக்குச் சாய்த்தால் 50 மில்லிமீட்டர். நிமிர்த்தினால் வேகமாக அறுக்கும், சாய்த்தால் நேராக அறுக்கும். முதல் ஒரு சாண் நீளத்துக்கு வேகத்தை மறந்துவிடுவது நல்லது.

கோட்டுக்குச் சற்றே சாய்வாக நார் ஓடினால், பற்கள் எளிதில் பிளக்கும் பக்கத்துக்கு ஒதுங்கப் பார்க்கும். மெல்லிய தகடு அதற்கு இணங்கிவிடும். விலகுவதைப் பார்த்ததும் பெரும்பாலோர் மணிக்கட்டை முறுக்குகிறார்கள். முறுக்கினால் பள்ளத்துக்குள் தகடு வில்லாகிறது. மேலே கோட்டுக்குத் திரும்பியதுபோல் தெரியும், அடியில் வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். முறுக்காமல், ரம்பத்தை நன்றாகப் படுக்கவைத்து, கோட்டின் மேலேயே சிறு இழுப்புகளால் புதுப் பள்ளம் போட வேண்டும். விலகல் அரை மில்லிமீட்டரைத் தாண்டுமுன் செய்தால் போதும்.

ரம்பம் கோணலா என்பதையும் சோதித்துவிடலாம். பற்களை ஒன்று இடம், ஒன்று வலம் என்று இம்மியளவு வளைத்திருப்பார்கள். ஒரு பக்கத்து வளைவு கூடியிருந்தால் ரம்பம் எப்போதும் அந்தப் பக்கமே போகும். அதே முனையிலிருந்து, பலகையைக் குப்புறப் புரட்டிப்போட்டு ஒரு சாண் அறுத்துப் பாருங்கள். விலகல் மறுபக்கத்துக்கு மாறினால் காரணம் நார். முன்பு போன பக்கமே போனால் காரணம் ரம்பமோ நிற்கும் நிலையோ. இரு முகங்களிலும் கோடு போட்டு, சாணுக்கு ஒரு முறை புரட்டிப் புரட்டி அறுத்தால், ரம்பத்தின் கோணல் ஒருமுறை இங்கும் ஒருமுறை அங்குமாகத் தானே கழிந்துவிடும்.

இனி அத்தையின் கேள்வி. பால் ஓடும் குழாய்கள் பட்டையில் இருக்கின்றன; பலகையாகும் கட்டையில் பால் இல்லை. ஆனால் பெரியவர்கள் காரணமே இல்லாமல் சொல்லியிருக்க மாட்டார்கள். ரப்பர் கட்டையில் மாவுச்சத்து அதிகம். பதப்படுத்தாமல் விட்டால் பூஞ்சை படர்ந்து நீலம் பாரிக்கும், வண்டு துளைத்துப் பொடியாக்கும். அப்படி உதிர்ந்த மேசை நாற்காலிகளைக் கண்டவர்கள் அதைத் தெய்வக் குற்றமாகப் புரிந்துகொண்டார்கள். கண்டது சரி, காரணம் தவறு. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கன்றுகள், வாசகியின் ஊருக்குப் பக்கத்திலுள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அதற்குப் பிறகு வெகுகாலம், 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்துக்கு விறகு அடுப்புதான் கதி. கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் உழைத்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்திய பிறகே அது மேசையும் கட்டிலுமாகி ஜொகூர் மாநிலத்து மூவாரிலிருந்து கப்பலேறியது. வண்டையும் மாவுச்சத்தையும் பற்றிய ஆய்வுக்கு யாரும் விழா எடுப்பதில்லை. என்னைக் கேட்டால், ஆராய்ச்சிப் பணத்தில் இப்படிப்பட்ட வேலைகளுக்கு முதல் பங்கு வைக்க வேண்டும். என் அம்மா வெட்டிய மரங்கள் அடுப்புக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பதப்படுத்திய பலகையாக இருந்தால், சாமி மேடைக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இன்னும் ஒன்று, இந்த மரத்துக்கே உரியது. உயிரோடு நிற்கும் மரத்தின் வெளிப்பகுதி நீளவாக்கில் இழுபட்டும் உள்பகுதி நெருக்குண்டும் இருக்கின்றன. சரிவில் சாய்ந்து வளர்ந்த மரத்தின் மேற்பக்கத்தில் இந்த இழுபாடு இன்னும் கூடுதல். அந்த இடத்து நார்கள் சுத்தமாக அறுபடாமல் பஞ்சுபோல் பிசிறு விடும். நெடுக அறுக்கும்போது அந்த இறுக்கம் விடுபட்டு இரு பாதிகளும் வளைகின்றன. சில சமயம் வெட்டு மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விப் பிடிக்கும். பலம் போட்டு இழுக்காதீர்கள், மெல்லிய தகடு மடங்கிவிடும். ஒரு மூங்கில் சீவலை ஆப்பாக்கி வெட்டில் செருகிக்கொண்டே முன்னேறுங்கள். கடைசி ஒரு சாணில் பிரியப்போகும் துண்டை யாராவது தாங்கிப் பிடித்தால், அது தன் பாரத்தால் பிளந்து விழாது. அத்தையையே பிடிக்கச் சொல்லலாம்.