ஓட்டல்: ஒரே கட்டடம், பல பெயர்

பழைய கடைத்தெருவில் ஓட்டல் ஒன்று கைமாறும்போது பெயர்ப்பலகையைக் கழற்றுவார்கள், அப்போது நின்று பார்க்க வேண்டும். ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் துருப்பிடித்த தகரப் பலகை. அதையும் எடுத்தால் சுவரில் மங்கிய பெயின்டில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’. இன்னும் மேலே, பல முறை சுண்ணாம்பு அடித்தும் மறையாமல் புடைத்து நிற்கும் ‘காபி கிளப்’ என்ற சிமென்ட் எழுத்து. கட்டடம் அதேதான், சொல்தான் குடிமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

இவற்றுள் நம் வாயில் நிலைத்தது ‘ஓட்டல்’. அதன் வேர் லத்தீன் ‘ஹோஸ்பெஸ்’. விருந்தாளி, விருந்தளிப்பவர் இருவருக்கும் அந்த ஒரே சொல். அதன் வழியில் பழைய பிரெஞ்சில் ‘ஹோஸ்தெல்’ வந்தது, பிறகு நடுவிலிருந்த ஸகரம் தேய்ந்து ‘ஓதெல்’ ஆனது. ஹாஸ்டலும் ஆஸ்பத்திரியும் இதற்குப் பங்காளிகள். பிரெஞ்சுக்காரர் ஹகரத்தை உச்சரிப்பதில்லை. ஆக, கொச்சை என்று சிலர் முகம் சுளிக்கும் நம் ‘ஓட்டல்’தான் ‘ஹோட்டலை’விட மூலத்துக்கு நெருக்கம்! ஆனால் பிரெஞ்சில் ‘ஓதெல் த வீல்’ என்றால் நகராட்சி மன்றம். பசியோடு அங்கே நுழைந்து பயனில்லை.

ஆங்கிலத்தில் ஹோட்டல் என்பது தங்குமிடம். தமிழில் அது சாப்பாட்டுக்கடை ஆகிவிட்டது. கீழே சாப்பாடு, மாடியில் அறை என்றிருந்த கட்டடங்களில் ‘ஓட்டல்’ கீழ்த்தளத்தோடு ஒட்டிக்கொண்டது, மாடி ‘லாட்ஜ்’ ஆனது.

‘காபி கிளப்’ பெயர்களுக்கு முன்னால் ‘பிராமணாள்’ என்ற ஒட்டும் இருந்த காலம் உண்டு. அதை எதிர்த்து 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டல் முன் பெரியார் மறியல் நடத்தினார். பெயர்ப்பலகைச் சொல் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை.

அப்புறம் வந்தது ‘ரெஸ்டாரண்ட்’. பிரெஞ்சில் முதலில் அது கடையின் பெயரல்ல, தெம்பூட்டும் சாற்றின் பெயர். 18-ஆம் நூற்றாண்டுப் பாரிசில் அந்தச் சாறு விற்ற இடங்களுக்கு அதுவே பெயராயிற்று. பழுதான கட்டடத்தைச் சீர்செய்யும் ‘ரெஸ்டோரேஷன்’ என்பதும் அதே வேர்தான்.

சரி, தமிழில் என்ன? சாப்பிடும் இடத்துக்கு ‘உணவகம்’. உணவும் அகமும் சேர்ந்த எளிய சொல். தங்கும் இடத்துக்கு ‘விடுதி’. ‘சத்திரம்’ வழிப்போக்கருக்கான அறக்கட்டடம், சொல்லும் வடமொழி. பட்டினப்பாலையில் ‘அட்டில்’ வருகிறது. அடுதல் என்றால் சமைத்தல், அடும் இல் அட்டில். ஆனால் அது சமையற்கூடம், அங்கே பாடப்படுவதும் அறத்துக்குச் சோறு ஆக்கும் இடம். காசு வாங்கும் கடைக்கு அதைச் சூட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

குழப்பம் மொழிபெயர்ப்பில்தான் வருகிறது. ‘தலைவர்கள் ஐந்து நட்சத்திர உணவகத்தில் தங்கினர்’ என்று செய்தியில் படித்தால், ராத்திரி சாப்பாட்டு மேசையிலா படுத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அங்கே வேண்டியது ‘விடுதி’. மற்றபடி, ‘ஓட்டல்ல சாப்பிட்டேன்’ என்று பேசுகிறவரை யாரும் திருத்த வேண்டியதில்லை.