விளக்கை இடம் மாற்றினால் கேமராவே என்லார்ஜர்

4×5 அங்குல ஷீட் ஃபிலிமில் (தனித்தனித் தாளாக வரும் பெரிய ஃபிலிம்) படம் எடுப்பவர்களுக்கு, எடுத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. 35 மி.மீ. நெகட்டிவுக்கான சாதாரண என்லார்ஜரில், அதாவது நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் பதிக்கும் கருவியில், அது நுழையாது. 4×5 என்லார்ஜரோ பெரியது, கனமானது, கிடைப்பதும் அரிது. ஆனால் படம் எடுத்த அந்தக் கேமராவுக்குள்ளேயே ஒரு என்லார்ஜர் இருக்கிறது.

படம் எடுக்கும்போது வெளிச்சம் லென்ஸ் வழியாக உள்ளே போய் ஃபிலிமில் விழுகிறது. பெரிதாக்கும்போது ஃபிலிமுக்குப் பின்னால் விளக்கு எரிய, அந்த வெளிச்சம் நெகட்டிவைக் கடந்து லென்ஸ் வழியாக வெளியே வந்து காகிதத்தில் விழுகிறது. ஒளி போன தடத்திலேயே திரும்பியும் வரும் என்பது ஒளியியலின் அடிப்படை. அதனால் லென்ஸைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. எமல்ஷன் பக்கம், அதாவது படம் பதிந்த பூச்சுள்ள பக்கம், லென்ஸைப் பார்த்தபடி நெகட்டிவை வைத்தால் இடவலம் மாறாமல் படம் விழும். எடுத்தபோதும் அது அப்படித்தானே இருந்தது!

இது பழைய யோசனை. பால்டிமோர் ஓவியர் டேவிட் வுட்வர்ட் 1857-இல் காப்புரிமை பெற்ற சூரியக் கேமராவில் விளக்கின் வேலையைச் சூரியனே செய்தது. வெயில் நகர நகரக் கருவியையும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் தூக்கித் திரிந்த ஸ்பீடு கிராஃபிக் கேமராவுக்கு, கிராஃப்லெக்ஸ் நிறுவனமே 1950-களில் கிராஃப்லார்ஜர் என்ற விளக்குப் பெட்டியை விற்றது. கேமராவின் முதுகில் அதை மாட்டினால் என்லார்ஜர் தயார்.

பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே நீண்டு சுருங்கும் மடிப்புத் துருத்தி) போதுமா என்பதுதான் பலருக்கும் வரும் முதல் சந்தேகம். 150 மி.மீ. லென்ஸை வைத்துக் கணக்குப் போடலாம். 4×5 நெகட்டிவை 8×10 அங்குலப் பிரிண்ட்டாக, அதாவது 2 மடங்கு பெரிதாக்க, நெகட்டிவிலிருந்து லென்ஸுக்கு 225 மி.மீ., லென்ஸிலிருந்து காகிதத்துக்கு 450 மி.மீ. வேண்டும். 16×20-க்கு 4 மடங்கு. இப்போது பெல்லோஸ் 187.5 மி.மீ.க்குச் சுருங்கிவிடும், காகிதம் 750 மி.மீ. தள்ளிப் போகும். படம் பெரிதாகப் பெரிதாகப் பெல்லோஸ் நீளம் குறைகிறது. கேமராவை இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெளிச்சம்தான் மெலிகிறது: 8×10-க்கு 10 விநாடி பிடித்தால், அதே அப்பர்ச்சரில் (லென்ஸின் ஒளித் துளை அளவில்) 16×20-க்கு ஏறத்தாழ 28 விநாடி பிடிக்கும்.

படமெடுக்கும் லென்ஸ்கள் பெரும்பாலும் தொலைவுக் காட்சிக்காகச் செதுக்கப்பட்டவை. என்லார்ஜர் லென்ஸ்கள் கிட்டத்துக்கு. இருந்தாலும் லென்ஸுக்காக உடனே பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன். அப்பர்ச்சரை f/11 அல்லது f/16-க்குச் சுருக்கினால் 8×10 பிரிண்ட்டில் மூலைகள் வரை நன்றாகவே வரும். 16×20 போடும்போது ரோடகான், கோம்பனான் போன்ற என்லார்ஜர் லென்ஸ் ஒன்றைத் தேடிக்கொள்ளலாம்.

உழைப்பு முழுவதையும் கேட்பது விளக்குதான். பழைய குண்டு பல்பு சூட்டில் நெகட்டிவ் நடுவில் புடைத்து ஃபோகஸ் நழுவும். இன்று எல்.இ.டி. பேனல் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டது. ஆனால் பேனலை நெகட்டிவோடு ஒட்டி வைக்கக் கூடாது, ஒவ்வொரு எல்.இ.டி.யும் ஒரு புள்ளியாகக் காகிதத்தில் தெரியும். பேனலுக்கும் பால் வெள்ளை அக்ரிலிக் தகட்டுக்கும் நடுவே சில அங்குல இடைவெளி, தகட்டுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே இன்னும் கொஞ்சம். ஒளிரும் பரப்பு நெகட்டிவை விடத் தாராளமாகப் பெரிதாக இருக்கட்டும், இல்லையென்றால் மூலைகள் இருளும். பச்சையும் நீலமும் தனித்தனியாக எரியும் பேனல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வெளிச்சத்தின் நிறத்துக்கேற்பக் கான்ட்ராஸ்ட் மாறும் மல்டிகிரேட் காகிதத்தில் பச்சை வெளிச்சம் கான்ட்ராஸ்டைக் குறைக்கும், நீலம் கூட்டும், ஃபில்டரே தேவைப்படாது.

ஷீட் ஃபிலிமைக் கேமராவில் மாட்டும் வழக்கமான ஃபிலிம் ஹோல்டரில் நடுவே ஒளிபுகாத தகடு உண்டு. பழைய ஹோல்டர் ஒன்றில் அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டால் அதுவே நெகட்டிவ் சட்டம். நெகட்டிவ் தொய்ந்தால் கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கலாம். ஆனால் ஃபிலிமின் வழவழப்பான முதுகு கண்ணாடியைத் தொடும் இடத்தில் நியூட்டன் வளையங்கள் எனும் வளைய வடிவக் கோடுகள் தோன்றும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் லேசாகச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி வேண்டும். விளக்குப் பெட்டியின் இடுக்குகளைக் கறுப்பு டேப்பால் அடைத்து, ஐந்து நிமிடம் இருட்டில் கண்ணைப் பழக்கிவிட்டுப் பாருங்கள். எங்காவது கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்பீடு கிராஃபிக் என்றால் பின்பக்கத் திரை ஷட்டரைத் திறந்த நிலைக்குச் சுற்றிவிடவும் மறக்கக் கூடாது. அது மூடியிருந்தால் காகிதத்துக்கு ஒளியே வராது.

அடுத்தது நேர்ப்படுத்தல். நெகட்டிவ், லென்ஸ், காகிதம் மூன்றும் இணையாக இல்லாவிட்டால் ஒரு ஓரம் கூர்மையாகவும் மறு ஓரம் மங்கலாகவும் விழும். இதற்கு இரண்டு கண்ணாடிகள் போதும். காகிதம் வரும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இன்னொன்றின் பின்பூச்சில் சிறு வட்டம் சுரண்டி, நெகட்டிவ் இடத்தில் முதல் கண்ணாடியை நோக்கி வையுங்கள். லென்ஸைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியே பார்த்தால் வட்டத்துக்குள் வட்டமாகப் பிம்பங்கள் வரிசைகட்டும். அந்த வரிசை ஒரு பக்கம் வளைந்தால் கோணல்; எல்லாம் ஒரே மையத்தில் அடங்கினால் இணை. பிறகு லென்ஸை மாட்டி, அதன் முன்விளிம்பில் ஒரு தட்டைக் கண்ணாடியை ஒட்டவைத்து இதே சோதனையைச் செய்யலாம்.

கேமராவைப் படுக்கை வாக்கில் மேசையில் இறுக்கிவிட்டு, சுவரில் இரும்புத் தகடு அடித்துக் காந்தத்தால் காகிதத்தைப் பிடிக்கவைப்பதே எளிது. தலைகீழாகத் தொங்கவிட்டால் பாரத்தில் லென்ஸ் பலகை மெல்ல வழுகும்.

மோனோரெயில் வியூ கேமரா (லென்ஸும் ஃபிலிமும் ஒரே தண்டின் மேல் தனித்தனியாக நகர்ந்து சாயும் கேமரா) வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு. அண்ணாந்து எடுத்த கோபுரத்தின் பக்கங்கள் மேலே போகப் போகக் குறுகுமே, அதை இருட்டறையிலேயே நிமிர்த்தலாம். குறுகிய பகுதி விழும் ஓரம் லென்ஸிலிருந்து தள்ளிப் போகுமாறு காகிதத்தைச் சாய்த்தால் அந்தப் பகுதி அதிகம் பெரிதாகும். உடனே ஃபோகஸ் கெடும். நெகட்டிவ், லென்ஸ், காகிதம் ஆகியவற்றின் தளங்களை மனதில் நீட்டிப் பார்த்தால் மூன்றும் ஒரே கோட்டில் சந்திக்குமாறு லென்ஸையும் சாய்க்க வேண்டும். ஃபோகஸ் முழுப் பரப்பிலும் திரும்பி வரும். ஷைம்ப்ஃப்ளூக் விதி என்று எல்லோரும் படமெடுக்கும் பாடமாகப் படிப்பது இதைத்தான். அந்த ஷைம்ப்ஃப்ளூக்குக்கு முன்பே, 1901-இல், பிரெஞ்சுக்காரர் ஜூல் கார்பாந்தியே பெற்ற காப்புரிமையில் இது வந்தது ஒரு என்லார்ஜருக்காக. தியோடோர் ஷைம்ப்ஃப்ளூக் 1904-இல் எழுதியதும், கோணலாக எடுத்த வான்வழிப் படங்களை மறுபடி லென்ஸ் வழியே செலுத்தி நேராக்குவதற்காகத்தான். சாய்த்த காகிதத்தில் தள்ளிப் போன ஓரத்துக்கு வெளிச்சம் குறைவாகச் சேரும். மற்ற பகுதியை அட்டையால் மறைத்து, அந்த ஓரத்துக்கு மட்டும் சில விநாடிகள் கூட்டிக் கொடுக்க வேண்டும்.