பிள்ளையைப் போலீஸ் பிடித்தால், அன்று ராத்திரியே போங்கள்

கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் காலையில் போய் நின்று பாருங்கள், ஊதா நிற லோக்காப் (போலீஸ் காவலறை) உடையில் கைவிலங்கோடு இறங்குகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருப்பார்கள். இருபது வருடமாகக் கைதிகளுக்கும் சிறுவர்களுக்கும் வழக்காடுகிறேன், பாதிக் காரியம் முதல் ராத்திரியிலேயே கெட்டுப்போயிருக்கும்.

செந்தூல் பையன் ஒருவன், வயது 15. மோட்டார் சைக்கிள் திருட்டு கேஸ். சட்டை அவனுக்கு ரொம்பப் பெரிது, கை நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டே, "ஆண்டி, ஒத்துக்கிட்டா சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்னு உள்ள இருந்த அண்ணன் சொன்னாரு" என்றான். வண்டியை எடுத்தவன் வேறொருவன், இவன் பின்னால் உட்கார்ந்து வந்தவன். முதல் நாள் ராத்திரியே வீட்டுக்குத் தகவல் போயிருக்கிறது, அப்பாதான் "ஒரு நாள் உள்ளே கிடக்கட்டும், புத்தி வரும்" என்று இருந்துவிட்டார்.

ஒரு நாளோடு முடியாது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோக வேண்டும், சரி, ஆனால் போலீஸ் அங்கே ரிமாண்ட், அதாவது விசாரணைக்காக இன்னும் சில நாள் காவலில் வைக்க அனுமதி, கேட்கலாம். 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் 4 நாள் வரை, பிறகு இன்னும் 3 நாள். பள்ளியில் பரீட்சை இருக்கிறது, ஆஸ்துமா இருக்கிறது, அத்தனை நாள் எதற்கு என்று எழுந்து சொல்ல ஒரு வக்கீல் இல்லாவிட்டால் யார் சொல்வது?

அதனால் உடனே போங்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போங்கள், விசாரணை அதிகாரியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் சிறுவர் சட்டம் 2001 பொருந்தும்: பெரியவர்களோடு கலந்து அடைக்கக் கூடாது, பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் தகவல் சொல்ல வேண்டும். விசாரிப்பதற்கு முன்பு வக்கீலிடம் பேசும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவிலேயே இருக்கிறது. பெயர், முகவரி, ஐசி (அடையாள அட்டை) எண் சொல்லட்டும், மற்றதற்கு "சாயா ஜாவாப் டி மஹ்கமா" (நீதிமன்றத்தில் பதில் சொல்கிறேன்) என்று மலாயில் சொல்ல வீட்டிலேயே பழக்குங்கள். பணமில்லையே என்று தயங்காதீர்கள், தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இலவசமாக வக்கீல் அனுப்புகிறது.

அந்தப் பையன் குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. ஜாமீன் கிடைத்தது, கேஸ் இன்னும் நடக்கிறது. வெளியே வந்ததும் அவன் என்னிடம் கேட்டது, "அப்பா வந்திருக்காரா?" அவர் லிஃப்ட் பக்கத்தில், மகனுடைய பள்ளிச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.