ட்ரையாஜ்: பொருள், பிறப்பு, தமிழ்ச்சொல்

கால்நடை அவசர சிகிச்சை மருத்துவமனைக்கு நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு ஓடி வருபவர்களை வாசலிலேயே ஒரு செவிலியரோ மருத்துவரோ எதிர்கொள்வார். பெயர், முகவரி கேட்பதற்கு முன்பே விலங்கு எப்படி மூச்சு விடுகிறது என்று கவனிப்பார். உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்ப்பார். தொடையின் உள்பக்கம் விரல் வைத்து நாடி பார்ப்பார். எல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு சில விலங்குகள் நேரே உள்ளே போகும், சில வெளியே காத்திருக்கும். இந்தப் பரிசோதனைக்கும் அதன் முடிவில் போடப்படும் வரிசைக்கும் சேர்த்துத்தான் ட்ரையாஜ் என்று பெயர். வந்திருப்பவற்றில் எதன் உயிர் முதலில் போகக்கூடும் என்று கணித்து, அந்த வரிசையில் சிகிச்சையைத் தொடங்குவது இதன் பொருள். என்ன நோய் என்று கண்டுபிடிப்பது அடுத்த கட்ட வேலை.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே 'த்ரியே' என்ற வினைக்குப் பொறுக்கிப் பிரித்தல், தெரிந்தெடுத்தல் என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது மருத்துவத்தோடு இதற்குத் தொடர்பே இல்லை. கம்பளியைத் தரவாரியாகப் பிரிப்பதற்கு வழங்கியது. பிறகு காப்பி வணிகத்தில், பிரிக்கும்போது உடைந்து ஒதுங்கும் கடைத்தரக் கொட்டைக்கு இதுவே பெயராயிற்று. 'ட்ரை' என்று தொடங்குவதால், நோயாளிகளை மூன்றாகப் பிரிப்பதிலிருந்து வந்த பெயர் என்று பலர் சொல்கிறார்கள். அது தவறு. மூன்று என்ற எண்ணுக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவில்லை.

சொல் மருத்துவத்துக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே முறை வந்துவிட்டது. நெப்போலியன் படையின் அறுவை மருத்துவர் டொமினிக் ழான் லாரே (1766–1842), காயம்பட்டவர் அதிகாரியா சிப்பாயா, நம்மவரா எதிரியா என்று பாராமல் காயத்தின் கடுமையை மட்டும் பார்த்துச் சிகிச்சை தரவேண்டும் என்றார்; அப்படியே செய்தும் காட்டினார். முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையின் மருத்துவ நிலையங்கள் வழியாகத்தான் ட்ரையாஜ் என்ற பெயர் இந்த வேலைக்கு நிலைத்தது. போர்க்களத்தில் இதற்கு இன்னொரு முகமும் இருந்தது. சீக்கிரம் தேறிக் களத்துக்குத் திரும்பக்கூடியவர்களை முதலில் கவனித்து, பிழைக்க வாய்ப்பில்லாதவர்களை ஒதுக்கிவைத்தார்கள். மருத்துவமனை வாசலில் நடப்பது லாரே சொன்ன வகை: ஆபத்து யாருக்கு அதிகமோ அவருக்கே முதலிடம்.

கால்நடை மருத்துவத்துக்கு இது தாமதமாகத்தான் வந்தது. உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளியை பிரான்சின் லியோன் நகரில் 1760களின் தொடக்கத்தில் க்ளோட் பூர்ஷெலா நிறுவினார். சென்னை வேப்பேரியில் கல்லூரி 1903இல் தொடங்கியது. அந்நாளில் குதிரையும் மாடும்தான் முதன்மை நோயாளிகள். மருத்துவர் தொழுவத்துக்குப் போனார். கூடத்தில் பத்து விலங்குகள் ஒன்றாகக் காத்திருக்கும் நிலை அரிது. நகரங்களில் செல்லப்பிராணிகள் பெருகி, இரவிலும் திறந்திருக்கும் அவசர மருத்துவமனைகள் வந்த பிறகுதான் வரிசை ஒரு பிரச்சினையானது. அவசர சிகிச்சையைத் தனிச் சிறப்புத்துறையாக்கிய அமெரிக்கக் கால்நடை அவசர மற்றும் தீவிர சிகிச்சைக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 1989இல்தான் உருவானது.

வாசலில் பார்க்கும் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான்: மூச்சுப்பாதை, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு. கழுத்தை நீட்டி, முழங்கைகளை விரித்து நிற்கும் நாய் காற்றுக்குத் திணறுகிறது. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனை, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், உடனே உள்ளே போகவேண்டும். ஓய்வில் இருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறையும், பூனை 20 முதல் 40 முறையும் மூச்சு விடுவது இயல்பு. ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் சிவக்கவேண்டும். அதற்கு மேல் ஆனால் இரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது. ஈறு வெளிறியிருந்தால் இரத்த இழப்பு அல்லது அதிர்ச்சிநிலை, அதாவது உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும் நிலை. நீலமானால் ஆக்சிஜன் போதவில்லை. செங்கல் சிவப்பானால் வெப்பத்தாக்கு அல்லது இரத்தத்தில் கிருமித்தொற்று. பூனையின் ஈறு பழுப்பாகத் தெரிந்தால் வீட்டில் யாராவது பாரசிட்டமால் கொடுத்தார்களா என்றுதான் முதலில் கேட்கவேண்டும். அந்த மாத்திரையைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரை உயிரைக் கொண்டுபோய்விடும். மாற்றுமருந்தான அசிட்டைல்சிஸ்டீனை கிலோவுக்கு 140 மில்லிகிராம் என்று தொடங்குவார்கள்.

நாய்க்குச் சொன்னதை அப்படியே பூனைக்குப் பொருத்தினால் ஏமாந்துபோவோம். அதிர்ச்சிநிலையில் நாயின் இதயம் விரைவாகத் துடிக்கும். பூனைக்கோ பெரும்பாலும் துடிப்பு குறைந்து, உடல் சில்லிட்டு, இரத்த அழுத்தம் தாழ்ந்துவிடும். மருத்துவமனைக்கு வரும் பூனைக்கு நிமிடத்துக்கு 180, 200 துடிப்பு சாதாரணம். அங்கே 120 என்று எண்ணினால் 'அமைதியாக இருக்கிறது' என்று எழுதிவிடக்கூடாது. சிறுநீர்ப்பாதை அடைத்த ஆண்பூனை இப்படித்தான் வரும். மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு வீட்டார் ஒருநாள் காத்திருந்திருப்பார்கள். அடைபட்ட சிறுநீரால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தை மந்தமாக்கியிருக்கும். அடைப்பை நீக்குமுன் ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே 10 சதவீதக் கால்சியம் குளுகோனேட்டை ஐந்து முதல் பத்து நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்றவேண்டியிருக்கும். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத்துக்குச் சிறிது நேரம் காப்பாக நிற்கிறது; அதற்குள் அடைப்பை எடுத்தாக வேண்டும்.

ட்ரையாஜில் அடிக்கடி நேரும் தவறு, கண்ணுக்குத் தெரியும் காயத்தின் பின்னால் போவது. வண்டியில் அடிபட்ட நாயின் கால் ஒடிந்து எலும்பு வெளியே துருத்தி நிற்கும். பார்ப்பவர் அத்தனை பேரும் காலைக் கட்டச் சொல்வார்கள். ஆனால் ஒடிந்த காலால் அடுத்த பத்து நிமிடத்தில் அது சாவது அரிது. விலா அடிபட்டு நெஞ்சறைக்குள் கசிந்த காற்றும், மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் தேங்கும் இரத்தமும் வெளியே தெரியாமல் கொல்லும். காலை உப்பு நீரில் நனைத்த துணியால் மூடிவிட்டு நெஞ்சை இரண்டு பக்கமும் கேட்கவேண்டும். குரல் கொடுப்பதும் இதே போலத்தான். கத்துகிற நாய்க்கு வலி அதிகம், ஆனால் கத்துவதற்கு மூச்சும் இரத்த அழுத்தமும் அதற்கு இருக்கின்றன. விலங்கு சத்தமில்லாமல் மூலையில் கிடக்கும் கூடையின் மூடியைத் திறந்து பார்க்காமல் யாரையும் நாற்காலிக்கு அனுப்பக்கூடாது. இந்த வேலையில் நாங்கள் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்.

எதை முதலில் செய்யக்கூடாது என்பதும் ட்ரையாஜின் பகுதி. மூச்சுத்திணறும் பூனையை எக்ஸ்ரே மேசையில் அழுத்திப் படுக்கவைத்தால் அங்கேயே இறந்துபோகலாம். அது போராடும்போது ஆக்சிஜன் தேவை கூடுகிறது, நெஞ்சு விரிய இடமோ குறைகிறது. அதை ஆக்சிஜன் கூண்டில் விட்டு, தேவைப்பட்டால் பதற்றம் தணிக்கும் ஊசி போட்டு, தொடாமல் சில நிமிடம் விடுவதே சிகிச்சை. வயிறு முறுக்கிக்கொண்ட பெரிய நாய்க்கு நேர்மாறு. அங்கே ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற ஆழ்ந்த நெஞ்சுக்கூடுள்ள நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் எச்சிலும் நுரையுமாகத் தவித்தால், தொலைபேசியிலேயே 'உடனே புறப்படுங்கள்' என்று சொல்லிவிடுவார்கள். வந்ததும் முன்னங்கால் சிரையில் பருத்த ஊசி ஏற்றவேண்டும். பின்னங்காலில் ஏற்றினால், உப்பிய இரைப்பை அடிவயிற்றுப் பெருஞ்சிரையை நசுக்கிக்கொண்டிருப்பதால் நீர்மம் இதயத்தை எட்டாது. கிலோவுக்கு சுமார் 20 மி.லி. வீதம் 15 நிமிடத்தில் ஏற்றி, மறுபடி நாடி பார்த்து, தேவையானால் மீண்டும் ஏற்றுவார்கள். குழாயாலோ ஊசியாலோ காற்றை வெளியேற்றியதும் அறுவைக்கூடம். இரைப்பையை நேராக்கி வயிற்றுச் சுவரோடு தைத்துவிட்டால் மறுபடி முறுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

வாந்தியும் இரத்தபேதியுமாக வரும் தடுப்பூசி போடாத குட்டிக்கு ட்ரையாஜ் வாசலுக்கு வெளியே, வண்டியிலேயே நடக்கவேண்டும். இந்த அறிகுறிகளைத் தரும் பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். காத்திருப்பு அறையில் ஒருமுறை பேதியானால் அடுத்து வரும் குட்டிகளெல்லாம் ஆபத்தில். பாம்புக்கடியோடு வரும் நாய் சாதாரணமாக நடந்து வந்தாலும் உள்ளே போகவேண்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கமே தெரியாது, பக்கவாதம் பிறகு வரும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொதுவான நச்சுமுறி மருந்தைத்தான் இந்தியாவில் விலங்குகளுக்கும் பயன்படுத்துகிறோம். அதன் அளவு விலங்கின் எடையைப் பொறுத்ததில்லை. உடலுக்குள் போன நஞ்சைத்தான் மருந்து முறிக்கவேண்டும். அதனால் சிறிய நாய்க்கும் குப்பிகளைக் குறைப்பதில்லை.

வரிசையைப் பெரும்பாலும் நிறத்தால் குறிக்கிறார்கள். சிவப்பென்றால் அந்தக் கணமே, ஆரஞ்சு 15 நிமிடத்துக்குள், மஞ்சள் அரைமணி முதல் ஒருமணி, பச்சை இரண்டு மணி நேரம்வரை காத்திருக்கலாம். விபத்தில் சிக்கிய விலங்குகளுக்கு 1994இல் வெளியான மதிப்பெண் முறை ஒன்றும் வழக்கில் இருக்கிறது. இரத்த ஓட்டம், இதயம், மூச்சு, கண்–தோல்–தசை, எலும்பு, நரம்பு என ஆறு பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. கூட்டுத்தொகை ஏற ஏறப் பிழைக்கும் வாய்ப்பு இறங்கும். சிவப்பு விழுந்ததும் ஒருவர் சிகிச்சையைத் தொடங்க, இன்னொருவர் உரிமையாளரிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்: முதலுதவியைத் தொடங்க ஒப்புதல் உண்டா? இதயம் நின்றால் மீட்கும் முயற்சி செய்யவேண்டுமா? இதைக் கேட்காமல் விட்டால் நெருக்கடியின் நடுவில் ஆள் தேடவேண்டி வரும். அறுவை நிபுணர், உள்மருத்துவ நிபுணர், மயக்கவியல் நிபுணர் ஆகியோரில் யாரைக் கூப்பிடுவது என்பதும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது.

இனி தமிழ்ச்சொல். 'தரம்பிரித்தல்' கம்பளிக்கும் காப்பிக்கும் சரி. உயிரைத் தரம்பிரிப்பதாகக் காதில் விழுவது நெருடல். 'தரப்படுத்தல்' என்றால் இலங்கைத் தமிழருக்கு 1970களின் பல்கலைக்கழக அனுமதி விவகாரம்தான் நினைவுக்கு வரும். 'வகைப்படுத்தல்' பொருள் மிகப் பொதுவானது; நூலகத்திலும் வகைப்படுத்துகிறார்கள். 'முன்னுரிமைப்படுத்தல்' பரவலாக எழுதப்படுகிறது, தவறும் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் முன்னுரிமை என்றாலே சலுகை, ஒதுக்கீடு என்று காதில் விழுகிறது. யாருக்கோ உரிமை தருகிறார்கள் என்று காத்திருப்பவர் சண்டைக்கு வருவார். 'அவசர வரிசைப்படுத்தல்' என்பதே பொருந்துகிறது. முறையைக் குறிக்க முழுச்சொல், பலகைக்கு 'அவசர வரிசை', அந்த வேலையில் நிற்பவருக்கு 'வரிசைச் செவிலியர்', மேசைக்கு 'வரிசை மேசை'. வந்த வரிசைக்கு மாறாக வேறொரு வரிசை நடக்கிறது என்பதை யாரும் விளக்காமலே சொல் காட்டிவிடுகிறது. பணியாளர்கள் தங்களுக்குள் ட்ரையாஜ் என்றே பேசிக்கொள்ளட்டும். வாசலில் நிற்பவரிடம் பேசும்போது தமிழ்ச்சொல் வேண்டும்.

வரிசை ஒருமுறை போட்டதோடு முடிவதும் இல்லை. மஞ்சளில் இருப்பவற்றைக் கால்மணிக்கொருமுறை, பச்சையில் இருப்பவற்றை அரைமணிக்கொருமுறை மறுபடி பார்ப்பது நல்ல வழக்கம். ஆகவே பலகையில் இப்படி எழுதிவைக்கலாம்: "இங்கு அவசர வரிசைப்படி பார்க்கிறோம். காத்திருக்கும்போது உங்கள் பிராணி வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, சாய்ந்து விழுந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, வலிப்பு வந்தாலோ வரிசை மேசையில் உடனே சொல்லுங்கள்."