பொபுலுஸா, போபுலுஸா?

பாப்ளர் மரத்துக்கு ‘மக்கள் மரம்’ என்று பொருள் சொல்வார்கள். லத்தீனில் பொபுலுஸ் என்றால் மக்கள்; ரோமானியர்கள் பொது இடங்களில் இதை நட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லத்தீனிலும் குறில், நெடில் உண்டு. மக்களைக் குறிக்கும் சொல்லில் வருவது குறில் ‘பொ’. மரத்தைக் குறிக்கும் சொல்லில் நெடில் ‘போ’. எழுதும்போது இரண்டையும் ஒரே மாதிரி எழுதியதால் வந்த வினை. நம் ஓலைச்சுவடிகளில் கொ, கோ வித்தியாசம் தெரியாமல் எழுதினார்களே, அதே கதைதான். போதாததற்கு, லத்தீன் இலக்கணத்தில் மக்கள் ஆண்பால், மரம் பெண்பால். அந்த நெடில் சொல்தான் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ப் பாப்ளர் ஆனது.

சரி, மரத்துக்கு வருவோம். பாப்ளர் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பென் மரத்தின் இலை ஒன்றைப் பறித்து, காம்பை இரு விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருளாது. நாடாவைப் போலத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை இலைப்பரப்போடு ஒரே தளத்தில் இல்லாமல் அதற்குக் குறுக்காக நிற்கிறது. அதனால் காம்பு மேலும் கீழும் எளிதில் வளையாது. பக்கவாட்டில் மட்டும் சுலபமாக அசையும், முறுக்கிக்கொள்ளும். மற்ற மரங்கள் சும்மா நிற்கும்போதுகூட ஆஸ்பென் சலசலப்பது இதனால்தான். மேல் இலைகள் இப்படி ஆடுவதால் அடியில் உள்ள இலைகளுக்கும் அவ்வப்போது வெயில் எட்டுகிறது.

பாப்ளர் மளமளவென்று வளரும். நாரணுக்களின் (மரத்துக்கு உறுதி தரும் நீண்ட செல்களின்) சுவர் மெல்லியது என்பதால் மரம் லேசு: காய்ந்தபின் கனமீட்டருக்குச் சுமார் 400 கிலோ. பச்சையாக வெட்டும்போதோ நேர்மாறு. சில வகைகளில் மரத்தின் காய்ந்த எடையைவிட அதிலுள்ள தண்ணீரின் எடை அதிகம். நுண்துளைகள் சிறியவை, ஆண்டு வளையம் முழுக்கச் சீராகப் பரவியவை. ஆகவே தாள்போல மெல்லிசாக உரித்து ஒட்டுப்பலகை செய்யலாம். வாசனை இல்லாததால் பாலாடைக்கட்டிப் பெட்டிக்கும் ஆகும். தீக்குச்சிக்கும் இதுவே தோது. மழையில் போட்டால் மட்டும் சீக்கிரம் உளுத்துவிடும்.

மோனா லிசா ஓவியமும் பாப்ளர் பலகையில் தீட்டியதே. 77 செ.மீ. உயரமுள்ள அந்தப் பலகை காற்றின் ஈரத்துக்கு ஏற்ப லேசாக வளையக்கூடியது. மேல் விளிம்பிலிருந்து தலைப்பகுதி வரை சுமார் 11 செ.மீ. விரிசலும் அதில் உண்டு. கண்ணாடிக்குப் பின்னால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதில் வியப்பில்லை.

அப்புறம், பெயரில் இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்க மரக்கடைகளில் ‘பாப்ளர்’ என்று விற்பது பெரும்பாலும் ட்யூலிப் மரம். அது மக்னோலியா குடும்பம். அசல் பாப்ளர் வில்லோ குடும்பம். புதிதாக அறுத்த பலகையின் நடுவில் பச்சை நிறம் ஓடி, வெளிச்சம் பட்டுப் பட்டு அது பழுப்பானால், உங்கள் கையில் இருப்பது அநேகமாக ட்யூலிப்தான்.